தூக்கிப் போடாதீர்கள், திறந்து பாருங்கள்!

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். ‘ஃபார்மட் போட்டுடுங்க’, ‘ராம் ஏத்துங்க’, ‘பழசாகிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’. மூன்றுமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான பதில்தான். ஆனால், பதில் சொன்னவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் என்று வந்தவரின் கையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி. எந்தப் பாகம் திணறுகிறது என்று தெரியாமல் செய்த செலவு பல வீடுகளில் தண்டமாகப் போகிறது.

யாருடைய கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. அவற்றில் எத்தனையோ இன்று அலமாரியில், பழைய துணிகளுக்கு அடியில் பையோடு கிடக்கின்றன. 2020-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்களைத் தேடி வாங்கிய வீடுகளும் உண்டு. அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது அப்பா அதில் கரண்ட் பில் கட்டுகிறார், பட்டா பார்க்கிறார். அம்மா வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறார். இந்த வீடுகளுக்கு 40,000, 50,000 ரூபாய் என்பது யோசிக்காமல் எடுத்து வைக்கிற தொகை கிடையாது. இருக்கிற மெஷினை வைத்தே சமாளிக்க முடியும் என்றால், அந்த வழியை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு பரிசோதனை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வெறும் சின்னப் பெட்டியாக வந்தால் அடியில் இருக்கும் ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சதவீதம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போது இதைப் பார்த்துப் பயனில்லை. திணறுகிற அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். ஆன் செய்து, கடவுச்சொல் கொடுத்து, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிடுவது நல்லது.

எட்டு, பத்து வருடப் பழைய லேப்டாப்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: சி.பி.யு. 12 சதவீதம், மெமரி 60 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். அந்த 100 சிவந்து போய் நிற்கும். ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற பக்கத்துக்குப் போய் டிஸ்கைத் தட்டினால் இன்னும் வியப்பாக இருக்கும். 100 சதவீதம் வேலை செய்கிற அந்த டிஸ்க், நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை எம்.பி. மட்டுமே படித்துக்கொண்டிருக்கும். அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, மெமரியில் இடம் காலியாக இருக்கிறது, ஹார்டு டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குகிறது. இந்த மெஷினுக்கு ராம் ஏற்றினால் கொஞ்சம்தான் பலன் தெரியும். ஃபார்மட் போட்டால் ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி பழைய கதைதான்.

மெமரி 90-க்கு மேல் நின்றால் பிரச்சினை ராம். சி.பி.யு. தொடர்ந்து 90-க்கு மேல் இருந்தால், எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று கீழே உள்ள பட்டியலே காட்டும். நான்கும் குறைவாக இருந்தும் இணையப் பக்கங்கள் மட்டும் தாமதமாகத் திறக்கின்றன என்றால், கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. வை-ஃபையை, இணைய இணைப்பைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஞாயிறும் மெதுவாகத்தான் இருக்கும். ஒரு வாரமாகச் சேர்ந்த விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸின் புதிய பட்டியல், விட்டுப்போன ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வரும். டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’, ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’ போன்ற பெயர்கள் மேலே நின்றால் விஷயம் அதுதான். வேலை இருக்கிற நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே சார்ஜரோடு ஆன் செய்து அதன் போக்கில் விட்டுவிடுங்கள். நடுவில் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். முடித்துக்கொள்ள விட்டால் பிறகு தானாக அடங்கும்.

சுழலும் தட்டு

பழைய ஹார்டு டிஸ்குக்கு உள்ளே நிஜமாகவே ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, டெஸ்க்டாப்களில் 7,200 சுற்று. அதன் மேல் முடி அளவு இடைவெளிகூட இல்லாமல் ஒரு முள் மிதந்தபடி தகவலைப் படிக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட உலகின் முதல் ஹார்டு டிஸ்கும் சுழலும் தட்டு, நகரும் முள் என்ற இதே ஏற்பாட்டில்தான் இயங்கியது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்.பி. அளவு சுருங்கியது, கொள்ளளவு லட்சம் மடங்காகப் பெருகியது. காத்திருக்கும் நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லி செகண்ட். முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒரு பத்து. ஆக ஒவ்வொரு முறை தேடி எடுக்கவும் 15 மில்லி செகண்ட் போகிறது. ஒரு நொடிக்கு 60, 70 முறைதான் தேட முடியும். ஒரு பெரிய சினிமா ஃபைலை ஒரே ஓட்டமாகப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. தரும். ஆனால், விண்டோஸ் திறக்கும்போது கேட்பதெல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள், தட்டின் வெவ்வேறு மூலைகளில். 100 சதவீத வேலையும் ஒன்றரை எம்.பி. வேகமும் ஒன்றாக வருவதன் காரணம் இதுதான்.

இந்த டிஸ்குக்குப் பதிலாக மாட்டக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சிப்தான், அதைவிடப் பல மடங்கு வேகத்தோடு. ஒரு முறை தேட ஆகும் நேரம் 15 மில்லி செகண்டிலிருந்து பத்தில் ஒரு மில்லி செகண்டுக்கு இறங்கிவிடுகிறது. நொடிக்கு 70 முறை தேடிய மெஷின் பல ஆயிரம் முறை தேடும். மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு திறந்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

மாற்றுவது எப்படி?

வாங்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்கின் பெயருக்குக் கீழே எச்.டி.டி. அல்லது எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கும். இரண்டாவது, பழைய டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறதா என்று பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லும். நீல நிறத்தில் ‘குட்’ என்று வந்தால் நல்லது. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தாலோ, உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டாலோ வேகத்தைப் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, குழந்தைகளின் போட்டோ, சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்துக்குப் பிரதி எடுங்கள். மெதுவாக ஓடும் டிஸ்குகளில் ஒரு பகுதி உண்மையில் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்குகள். டிஸ்க் நின்றுபோன பிறகு தகவலை மீட்க ஆகும் செலவு, புது எஸ்.எஸ்.டி.யின் விலையைப் போலப் பல மடங்கு.

பழைய லேப்டாப்புக்குத் தேவை இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. கடையில் எம்.2, என்.வி.எம்.இ. என்று இன்னும் வேகமான வகைகளைக் காட்டுவார்கள். அதற்கான இடம் உங்கள் மெஷினில் இல்லை என்றால் வாங்கிப் பயனில்லை. சாட்டா வகையின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்.பி. 2012 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் அதில் பாதிதான் கிடைக்கும். கவலைப்பட வேண்டாம், பலன் தருவது அந்த உச்ச வேகம் இல்லை, தேடும் நேரம் குறைவதுதான். 256 ஜி.பி. வீட்டுக்குப் போதும். 128 ஜி.பி. என்றால் போட்டோக்கள் சேரச் சேர ஒரு வருடத்திலேயே மூச்சு முட்டும்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கு ரிச்சி தெரு இருக்கிறது. மவுன்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்து ஒரே சந்தையாக நீளும் இடம். அங்கே லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, அடியில் உள்ள மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, டிஸ்கைப் பக்கவாட்டில் இழுத்து எடுப்பது கண் இமைக்கும் வேலையாக நடக்கும். அருகில் நின்று பார்த்தால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று புரியும். டிஸ்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம், அதில் நான்கு ஸ்க்ரூ. அதைக் கழற்றிப் புது எஸ்.எஸ்.டி.க்கு மாட்டி, வந்த வழியே உள்ளே தள்ளினால் இணைப்பு தானாகப் பொருந்தும். பழைய டிஸ்க் ஒன்பதரை மில்லி மீட்டர் தடிமன், எஸ்.எஸ்.டி. ஏழுதான். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். மற்ற ஊர்களிலும் லேப்டாப் சர்வீஸ் கடை எதிலும் இது அன்றாட வேலைதான். கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘அண்ணே, பழைய டிஸ்கை என் கையில கொடுத்துடுங்க. விண்டோஸ் ஒரிஜினலா போடுங்க.’

பழைய டிஸ்க் ஏன் கைக்கு வர வேண்டும்? அதில் உங்கள் வீட்டு ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. நல்ல நிலையில் இருந்தால் சில நூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி அதற்குள் போட்டால் அதுவே வெளியில் வைத்துப் பயன்படுத்தும் ஹார்டு டிஸ்க் ஆகிவிடும். டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டவும் சட்டம் கிடைக்கிறது.

விண்டோஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். டிஸ்கை மாற்றினால் புது லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கடையில் ‘ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்’ என்றால் தலையாட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே அசல் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்த கம்ப்யூட்டர் என்றால் அந்த லைசென்ஸ் மதர்போர்டை அடையாளமாக வைத்துப் பதிவாகியிருக்கிறது, டிஸ்கை வைத்து இல்லை. புது எஸ்.எஸ்.டி.யில் அதே வகை விண்டோஸை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். திருட்டு ஆக்டிவேட்டர் மென்பொருள்களோடு வேண்டாத விருந்தாளிகளும் உள்ளே வருவது உண்டு. உங்கள் மின்சாரத்தில், உங்கள் சி.பி.யு.வில் யாருக்கோ கிரிப்டோ காசு தயாரிக்கும் புரோகிராம்கள் அதில் ஒரு ரகம். வேகத்துக்காகச் செலவு செய்துவிட்டு, வேகத்தைக் கெடுப்பதையே உள்ளே அழைத்து வரக்கூடாது.

இருக்கிற விண்டோஸை அப்படியே பிரதி எடுப்பதா, புதிதாக நிறுவுவதா? அவசரம் இல்லை என்றால் புதிதாக நிறுவுங்கள். ஐந்து வருடக் குப்பையை எதற்குப் புது வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும்? டேலி போலத் திரும்ப நிறுவுவது தலைவலியான மென்பொருள் இருந்தால் மட்டும் பிரதி எடுக்கலாம். குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

காசில்லாமல் ஆகும் காரியங்கள்

டாஸ்க் மேனேஜரிலேயே ‘ஸ்டார்ட்அப்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. விண்டோஸ் திறந்ததும் தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் அது. ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் என்று ‘ஹை’, ‘மீடியம்’, ‘லோ’ எனப் பக்கத்தில் எழுதியிருக்கும். என்றோ ஒரு மீட்டிங்குக்காக இறக்கிய டீம்ஸ், பாட்டு கேட்கும் மென்பொருள், மகன் விளையாடியதன் மிச்சம், இப்போது வீட்டில் இல்லாத பிரின்டரின் உதவியாளர் என எல்லாம் வரிசையில் நிற்கும். தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுங்கள். புரோகிராம் அழிந்துவிடாது, நீங்கள் கூப்பிடும்போது வரும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ டிரைவர் தொடர்பானவற்றை மட்டும் தொட வேண்டாம்.

‘நான் தினமும் ஷட் டவுன் பண்ணித்தான் வைக்கிறேன்’ என்பார்கள். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வைத் தட்டி ‘அப் டைம்’ என்பதைப் பாருங்கள். பல வீடுகளில் அது இருபது நாள், முப்பது நாள் என்று காட்டும். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியை முழுதாக மூடாமல், அப்படியே டிஸ்கில் எழுதி உறங்க வைத்துவிட்டு, மறுநாள் அதையே எழுப்புகிறது. சீக்கிரம் திறக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடுதான், ஆனால் அதற்குள் சிக்கிய கோளாறும் கூடவே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் நிஜமாக மூடித் திறக்கும். வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில வீடுகளில் இதுவே போதும்.

சி டிரைவ் நிரம்பியிருந்தால் அதையும் கவனியுங்கள். நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலியாக இருப்பது நல்லது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதில் ‘ஸ்டோரேஜ்’ போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். தற்காலிக ஃபைல்களை அங்கேயே அழிக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்துவிடாதீர்கள். ஆதார் நகலும் ஹால் டிக்கெட்டும் பல வீடுகளில் அங்கேதான் இருக்கின்றன.

டீஃப்ராக் செய்வது சுழலும் டிஸ்குக்கு நல்லது, விண்டோஸே வாரம் ஒருமுறை செய்துகொள்கிறது. எஸ்.எஸ்.டி.க்குத் தேவையே இல்லை. அதற்கு வேண்டிய பராமரிப்பையும் விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் போதும். லேப்டாப்போடு வந்து காலாவதியாகிக் கிடக்கும் ட்ரயல் ஒன்று, கடைக்காரர் போட்டுக் கொடுத்தது ஒன்று என இரண்டு ஓடினால், ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் சோதித்து முடிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டையும் நீக்கிவிட்டால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து.

ராம் எப்போது?

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அது கேட்ட குறைந்தபட்ச ராம் 4 எம்.பி. 2021-ல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜி.பி. இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் மடங்கு. கடிதம் டைப் செய்வதும் கணக்குப் பார்ப்பதும் அன்றும் இன்றும் ஒரே வேலைதான். பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் அதே 1995-ல் எழுதிய கட்டுரையில் இதை எச்சரித்தார்: இயந்திரங்கள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் பருத்து மெதுவாகிறது என்று. அந்தப் பருமனின் செலவை இன்று நம் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கின்றன. மெஷின் கெட்டுப்போனதால் மட்டும் அது மெதுவாகவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், பழியை எங்கே போடுவது என்று தெளிவு வரும்.

இன்று ராமை அதிகம் தின்பது பிரவுசர். திறந்திருக்கும் ஒவ்வொரு டேபும் தனித் தனி புரோகிராம் போல இடம் பிடிக்கிறது. முப்பது டேப் திறந்து வைத்திருப்பவரின் 4 ஜி.பி. ராம் நிரம்பியதும், மிச்சத்தை விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் எழுதத் தொடங்கும். நொடிக்கு 70 முறை மட்டுமே தேட முடிந்த அதே டிஸ்கில். மவுஸ் நகர்வதே நின்று போவது அப்போதுதான். குரோமின் செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் ‘மெமரி சேவர்’ என்பதை ஆன் செய்யுங்கள். பார்க்காத டேப்களை அது உறங்க வைக்கும். எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தைத் திறந்து, நீங்களே நினைவாகச் சேர்க்காத எதையும் நீக்குங்கள். திரையின் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் பெட்டி வைரஸ் எச்சரிக்கை கிடையாது. ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ ‘அலவ்’ கொடுத்ததால் வரும் விளம்பரம் அது. பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் போய் அந்தத் தளத்தைத் தடுத்தால் ஓய்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மெமரி 90-லேயே நின்றால் 4-ஐ 8 ஆக்குங்கள். வீட்டு வேலைக்கு 8 ஜி.பி. தாராளம். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பின் ராம் வகை டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ என்று பெர்ஃபாமன்ஸ் பக்கத்திலோ கடையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். டி.டி.ஆர். 3-லும் குறைந்த மின்னழுத்த வகை ஒன்று உண்டு, சில லேப்டாப்கள் அதை மட்டும்தான் ஏற்கும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. எஸ்.எஸ்.டி. விலையும் பின்னாலேயே ஏறுகிறது. பழைய டி.டி.ஆர். 3 ராம் என்றால், செகண்ட் ஹேண்டில் சோதித்துக் கொடுக்கும் கடையில் வாங்குவதில் தவறில்லை. ராமில் தேய்ந்து போகும் பாகம் எதுவும் கிடையாது.

சூடும் சார்ஜரும்

ஆன் செய்து முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகிறது என்றால் அது சூடு. பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில், மெத்தை மேல் வைத்து, அடியில் உள்ள காற்றுத் துளைகளை மூடிவிட்டால் எந்த லேப்டாப்பும் திணறும். முதலில் பலகை மேல் வையுங்கள். மூன்று வருடமாகத் திறக்காத லேப்டாப் என்றால், ஃபேனுக்கும் காற்று வெளியேறும் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளி மாதிரி படிந்திருக்கும். திருப்பூர்ப் பக்கம் பஞ்சு பறக்கும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம். சர்வீஸ் கடையில் தூசு எடுத்து, பிராசசர் மேல் காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்பவர்கள் ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்று ஊதுங்கள். வெளிக் காற்றில் அது வெறி பிடித்தது போலச் சுற்றினால் கெட்டுவிடலாம். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் கை வைக்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தில் ‘பேஸ் ஸ்பீடு 2.40 கிகா ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் இப்போதைய ‘ஸ்பீடு’ 0.79 என்று நகராமல் நின்றால், சூடும் இல்லை என்றால், சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சில நிறுவன லேப்டாப்கள், மாட்டியிருப்பது தங்கள் சார்ஜர்தானா என்று ஒரு மெல்லிய கம்பி வழியாகக் கேட்டுக்கொள்கின்றன. பதில் வராவிட்டால் சி.பி.யு. வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிய நாளிலிருந்து லேப்டாப் மெதுவானதா என்று யோசித்துப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் ஏறினால் குற்றவாளி அதுதான்.

காசு கொடுத்து வாங்கக் கூடாதவை

‘ஒரே கிளிக்கில் வேகம்’ என்று விற்கும் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர், ராம் கிளீனர் எதையும் வாங்காதீர்கள், இலவசமாகவும் இறக்காதீர்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து சில நூறு வரிகளை அழிப்பதால் வேகம் கூடாது. தவறான வரி போனால் விண்டோஸே திறக்காது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. உலகம் முழுக்கப் பிரபலமான சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் ஒரு பதிப்புக்குள் 2017-ல் ஹேக்கர்கள் புகுந்து தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்ய வந்த கையாலேயே நுழைந்த ஆபத்து. விண்டோஸிலேயே இருக்கிற வசதிகள் போதும்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அந்த வாய்ப்பு காட்டும். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய வீட்டு லேப்டாப்கள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான மெஷின்களை ஒரு தேதி குப்பையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால்வாசிகூட இல்லை.

மாற்று இருக்கிறது, அது லினக்ஸ். பெயரைக் கேட்டதும் மிரள வேண்டாம். அரசு லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் பலர், ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்ட திரையைப் பார்த்திருப்பார்கள். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அந்த பாஸ். இன்று வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 2 ஜி.பி. ராமில் திறக்கும், 4 ஜி.பி.யில் சிரமமின்றி ஓடும். தோற்றமும் விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை பழக அதிக நாள் எடுக்காது. இலவசம். எல்லாவற்றையும்விட நல்ல விஷயம், நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவில் அதை எழுதி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து, வை-ஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரின்டர் பிரின்ட் எடுக்கிறதா என்று ஒரு மாலை முழுக்கச் சோதிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். குரோம், பயர்ஃபாக்ஸ் உண்டு, வேர்டு ஃபைல்களைத் திறக்க லிப்ரே ஆபிஸ் உண்டு, தமிழ்99 விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்யலாம். டேலியும் போட்டோஷாப்பும் நேரடியாக ஓடாது. வீட்டில் அந்த வேலை நடக்கிறது என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

காப்பாற்ற முடியாத மெஷின்களும் உண்டு. சுமார் 2015-லிருந்து மலிவு விலையில் வந்த சில குட்டி லேப்டாப்களில் 2 ஜி.பி. ராமும் 32 ஜி.பி. சேமிப்பும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். எதையும் மாற்ற முடியாது. ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் போதாது. லினக்ஸ் போட்டுக் குழந்தைக்குத் தட்டச்சு பழகக் கொடுக்கலாம், அதற்கு மேல் அதில் பணம் போடாதீர்கள். 32 பிட் பிராசசர் கொண்ட மிகப் பழைய டெஸ்க்டாப்களுக்கும் இதே பதில்தான், புது பிரவுசர்கள் அவற்றைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. மதர்போர்டே போன லேப்டாப்பைச் சரி செய்யச் சொல்லும் தொகை, நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அப்படிக் கழிக்கும் மெஷினைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ராமைக் கழற்றிக் கடையில் கேளுங்கள். டி.டி.ஆர். 3-ஐ இன்னும் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.